உகாண்டாவுக்கு 4 வாரம் மருத்துவ சேவைக்குப் போறேன், என்னென்ன தயார் பண்ணணும்?

கொழிஞ்சாம்பாறை மாணவி – ஜனவரி 9

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போற வழியில். எம்பிபிஎஸ் மூணாம் வருஷம் படிக்கிறேன். வர்ற ஜூன்ல எங்க வகுப்பிலிருந்து 6 பேர் உகாண்டாவுக்குப் போறோம். கம்பாலாவிலிருந்து 4 மணி நேரம் பஸ்ஸில் போகணுமாம், கிராமத்து ஆஸ்பத்திரி. மாணவர்களைச் சேவைக்கு அனுப்புற ஒரு தனியார் அமைப்பு மூலமா ஏற்பாடு. முன்பணம் கட்டியாச்சு.

எங்க குடும்பத்துல பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் நான்தான். அப்பா எதுவும் சொல்லல, ஆனா கட்டின பணம் ரெண்டு வெட்டு தேங்காய்ப் பணம்னு எனக்குத் தெரியும். போறது வீணாகக் கூடாது. அம்மாவுக்குப் பயம், "அங்க உனக்கே காய்ச்சல் வந்தா யாரு பாப்பா"ன்னு தினமும் கேக்கறாங்க.

தடுப்பூசி எதெது, எப்ப போடணும்? மெடிக்கல் ரெப் குடுத்த சாம்பிள் மருந்து ரெண்டு அட்டைப்பெட்டி சேர்த்து வச்சிருக்கோம், கொண்டு போகலாமா? அப்புறம், இங்க வார்டுல பின் வரிசையில நின்னு எட்டிப் பாக்கறதோட சரி. அங்க நாங்களே தையல் போடலாம், பிரசவம் பாக்கலாம்னு அமைப்புல சொல்றாங்க. அதுக்கு இப்பவே என்ன படிச்சு வச்சுக்கணும்? போய் வந்தவங்க இருந்தா சொல்லுங்க.

பாலக்காடு சிஸ்டர் – ஜனவரி 9

கண்ணு, ரொம்ப சந்தோஷம். நான் வளைகுடாவுல 11 வருஷம் நர்ஸா இருந்தவ. உகாண்டா, கென்யாவிலிருந்து வந்த பிள்ளைங்களோட ஒரே ரூம்ல தங்கியிருக்கேன்.

முதல்ல மஞ்சள் காய்ச்சல் ஊசி. மஞ்சள் காமாலையோட குழப்பிக்காதே, அது வேற, இது வேற. உகாண்டாவுக்குள்ள நுழையவே அந்த அட்டையைக் கேப்பாங்க. திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்லயும் கேப்பாங்க. இந்த நோய் நம்ம நாட்ல இல்ல, ஆனா பரப்புற ஏடிஸ் கொசு நம்ம தொட்டிக்குத் தொட்டி இருக்கு. அதனால அட்டை இல்லாம அங்கிருந்து வந்து இறங்கினா 6 நாள் வரைக்கும் தனியா வச்சிடுவாங்க. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் அட்டை செல்லும், கிளம்புற வாரத்துல ஓடாதே. முன்னெல்லாம் 10 வருஷத்துக்கு ஒரு தடவை போடணும். 2016 ஜூலையிலிருந்து ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும்.

கண்ட கிளினிக்ல போட முடியாது, அரசு அங்கீகாரம் குடுத்த மையத்துல மட்டும்தான். நமக்குக் கிட்ட கொச்சி வில்லிங்டன் தீவுல இருக்கற துறைமுக சுகாதார அலுவலகம். மெட்ராஸ்னா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். முன்கூட்டிப் போன் பண்ணி நாள் கேட்டுட்டுப் போ. அட்டையில உன் பேரு பாஸ்போர்ட்ல இருக்கற எழுத்துப்படியே இருக்கான்னு அங்கேயே நின்னு பார்த்துடு. நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரேஷன் கார்டுல ஒரு மாதிரி, ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல இன்னொரு மாதிரி இருக்கும், இனிஷியல் எங்க வரும்னே தெரியாது. 2020ல கொரோனா சமயத்துல கோபாலபுரம் செக்போஸ்ட்ல ஒரு பாஸ் இல்லாம நாம நின்னது மறந்திருக்காது. ஒரு தாளுக்காக வேற நாட்ல போய் அப்படி நிக்காதே.

இன்னொண்ணு. டிக்கெட் துபாய், ஷார்ஜா வழியா இருந்தா அம்மா அரைச்சுக் குடுக்கற மசாலாவுல கசகசா இருக்கான்னு பாரு. அங்க அது தடை செஞ்ச பொருள். வலிக்குப் போடற டிராமடால் மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து எதுவும் பையில கூடாது.

சமூக மருத்துவம் – ஜனவரி 10

சிஸ்டர் சொன்னது எல்லாம் சரி. கூட இரண்டு விஷயம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிப்பது, முட்டையில் வளர்ப்பது. உங்கள் ஆறு பேரில் முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர், ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் இருந்தால் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) போட வேண்டியிருந்தால் இரண்டுக்கும் நடுவில் 4 வாரம் இடைவெளி விடுங்கள்.

ஹெபடைடிஸ் பி முதல் வருஷத்திலேயே 3 ஊசியும் போட்டிருப்பீர்கள். போட்டதோடு நிற்காதீர்கள். ஆன்டிபாடி அளவைப் பரிசோதியுங்கள், 10க்கு மேல் இருக்க வேண்டும். சிலருக்கு 3 ஊசி போட்டும் ஏறாது, அவர்கள் மறுபடி போட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் நேரம் தேவை. அதனால்தான் ஜனவரியில் கேட்டது நல்லது என்கிறேன். டைபாய்டு ஊசி, டெட்டனஸ் பூஸ்டர், வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டிப் போடும் இரண்டு ஊசி (முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று), இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் நாய் கடித்தால், கடித்த இடத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்து கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. முன்பே போட்டிருந்தால் அந்த இம்யூனோகுளோபுலின் மட்டும் தேவைப்படாது.

மலேரியாதான் பெரிய விஷயம். அங்கே பெரும்பாலும் பால்சிபாரம் என்ற ஆபத்தான வகை, அதற்குக் குளோரோகுயின் வேலை செய்யாது. வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுக்க வாய்ப்பு அதிகம், விலையும் குறைவு. ஒன்றைக் கவனியுங்கள். 2018 வெள்ளத்தில் எலிக்காய்ச்சலுக்கு நாமெல்லாம் வாரம் ஒருமுறை இதே மாத்திரையை 200 மில்லிகிராம் விழுங்கினோமே, அந்தக் கணக்கு இங்கே உதவாது. மலேரியாவுக்குத் தினமும் 100 மில்லிகிராம், போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பி வந்தபின் 4 வாரம் வரை. வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. கிருமி அதற்குப் பிறகும் ரத்தத்துக்கு வரும். நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியதும் படுக்காதீர்கள், உணவுக்குழாய் புண்ணாகும். வெயில் தோலைச் சீக்கிரம் சுடும். மாத்திரை இருக்கிறதென்று கொசுவலையை விடக் கூடாது.

வந்த பின் எப்போது காய்ச்சல் வந்தாலும், மாதங்கள் கழிந்தாலும், டாக்டர் கேட்காமலே "உகாண்டா போய் வந்தேன்" என்று நீங்கள் சொல்ல வேண்டும். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கு, எலிக்காய்ச்சல் என்றுதான் முதலில் யோசிப்பார்கள். பால்சிபாரத்துக்கு அவ்வளவு நேரம் கொடுக்க முடியாது.

தையல், பிரசவம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கு மனசு சரியில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

அட்டப்பாடி மலையோரம் – ஜனவரி 10

வெளிப்படையாகவே கேட்கிறேன், தங்கச்சி. உகாண்டா எதற்கு? மன்னார்க்காட்டிலிருந்து அகளிக்கு பஸ் இருக்கிறது. 2013இல் இந்த மலையில் எத்தனை பச்சைக் குழந்தைகள் இறந்தன என்று நாடு முழுக்கப் பேசினார்கள். இன்றைக்கும் எங்கள் ஊர்களில் அரிவாள் செல் நோயோடு பிள்ளைகள் இருக்கிறார்கள், ரத்தசோகையோடு கர்ப்பிணிகள் இருக்கிறார்கள். இருளர் பேச்சு உங்களுக்குப் பாதிக்கு மேல் புரியும். அங்கே என்ன மொழி பேசுவீர்கள்? ரெண்டு வெட்டு தேங்காய்ப் பணத்தை விமானத்துக்குக் கொடுத்துவிட்டுச் சேவை என்று சொல்வது எனக்கு ஏற்கவில்லை.

கொழிஞ்சாம்பாறை மாணவி – ஜனவரி 11

அண்ணா, நீங்க கேட்டது ராத்திரி முழுக்க மனசுல ஓடுச்சு. அட்டப்பாடிக்கு நான் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கேன், அதுவும் சுத்திப் பாக்க. அதை ஒத்துக்கறேன். ஆனா உகாண்டா போகணும்னு நெனைச்சது ஊர் சுத்த இல்ல. மலேரியா, காசநோய், எச்ஐவி எல்லாம் ஒரே வார்டுல இருக்கற இடத்துல, குறைஞ்ச வசதியில அவங்க எப்படிச் சமாளிக்கறாங்கன்னு பாக்கணும். அது தப்பா?

போய் வந்தவள் – ஜனவரி 11

தப்பில்லை. ஆனால் நீ இப்போது சொன்னது "கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்பது. முதலில் எழுதியது "சேவைக்குப் போகிறேன்". இரண்டில் எது என்று நீ முடிவு பண்ணிவிட்டால் பாதித் தயாரிப்பு முடிந்தது. நான் முடிவு பண்ணாமல் போனேன்.

நானும் மூன்றாம் வருஷத்தில் உகாண்டா போனவள்தான். ஊர் மீனாட்சிபுரம் பக்கம், இப்போது ஹவுஸ் சர்ஜன்ஷிப் முடித்துவிட்டேன். எங்களை அனுப்பிய அமைப்பு வேறாக இருக்கலாம், பேச்சு ஒன்றுதான். "அங்கே டாக்டர் பற்றாக்குறை, நீங்கள்தான் எல்லாம் செய்வீர்கள்." கேட்கும்போது எனக்கும் உன்னைப் போல மகிழ்ச்சியாக இருந்தது.

போய்ச் சேர்ந்த அன்று, நாங்கள் வருவதே ஆஸ்பத்திரியில் மேட்ரனுக்கு (தலைமை நர்ஸுக்கு) தெரியாது. நாங்கள் கட்டிய பணத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஷில்லிங்கூடப் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் அந்த அம்மா எங்களுக்குக் கட்டில் கொடுத்தார், மட்டோக்கே சமைக்கச் சொன்னார். வாழைக்காயை இலையில் சுற்றி ஆவியில் வேகவைத்து மசித்து வேர்க்கடலைக் குழம்போடு கொடுப்பார்கள். நம் நேந்திரங்காய் ருசி இல்லை, ஆனால் ஊர் நினைப்பு வந்துவிடும்.

இரண்டாவது வாரம், ராத்திரி. டூட்டியில் இருந்த கிளினிக்கல் ஆபீசர் (டாக்டருக்கு அடுத்த நிலையில் நோயாளிகளைப் பார்ப்பவர்) இன்னொரு வார்டுக்கு ஓடினார். பிரசவ வார்டில் நானும் ஒரு மிட்வைஃபும். ஒரு பெண்ணுக்குக் கிழிசல் தையல் போட வேண்டும். மிட்வைஃபுக்கு அடுத்த கட்டிலில் வேலை. என்னைப் பார்த்து, "டாக்டர், நீங்கள் போடுகிறீர்களா?" என்றார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டினேன். அதுவரை நான் தையல் போட்டது ரப்பர் பஞ்சில் மட்டும்.

கை நடுங்கியது. அந்தப் பெண் வலியில் முனகியபோதும் என்னை "முசாவோ" என்றுதான் கூப்பிட்டாள், டாக்டர் என்று. மூன்றாவது தையலில் மிட்வைஃப் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து ஊசியை வாங்கி, நான் போட்டதைப் பிரித்து மறுபடி போட்டார். அந்தப் பெண் ஒரே வலியை இரண்டு தடவை பட்டாள். பாலக்காட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நான் இதைச் செய்திருந்தால் என்னைப் படிப்பிலிருந்தே தூக்கியிருப்பார்கள், சரியாகவும் இருந்திருக்கும். அவள் ஏழை, தூரத்து ஊர்க்காரி என்பதால் யாரும் என்னைக் கேட்கவில்லை. அவள் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

போய் வந்தவள் – ஜனவரி 11

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அதே வாரம் ரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடியை மறுபடி மாட்டப் போனேன், விரலில் குத்திக்கொண்டேன். மூடியை மாட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும், ஆனால் ஊசி போடும் பெட்டி நிரம்பி வழிந்தது. நோயாளிக்கு எச்ஐவி இருந்தது. வார்டு சிஸ்டர்தான் என்னை உட்கார வைத்தார். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவச் சொன்னார், பிதுக்காதே என்றார். எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தார்.

இது உங்கள் ஆறு பேருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, சில மணி நேரத்துக்குள். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். எச்ஐவி உள்ளவருக்குப் போட்ட ஊசி ஒருமுறை குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. படிக்கும்போது சின்ன எண். 28 ராத்திரி அதோடு படுத்திருந்தால் அது சின்ன எண் இல்லை. என் பரிசோதனைகள் எல்லாம் நெகட்டிவ்தான். ஆனால் அந்த மாத்திரை அந்த ஆஸ்பத்திரியின் இருப்பிலிருந்து எனக்குக் கொடுத்தது. உதவப் போன நான் அவர்களுடைய கட்டிலையும், நேரத்தையும், மருந்தையும் எடுத்துக்கொண்டேன். அதனால் போவதற்கு முன்பே, "ஊசி குத்தினால் உங்களிடம் மருந்து இருக்கிறதா, நாங்கள் கொண்டு வர வேண்டுமா" என்று எழுதிக் கேள். முதல் சில நாளுக்கான மாத்திரையைக் கல்லூரி டாக்டரிடம் எழுதி வாங்கி ஆளுக்கொரு செட் வைத்துக்கொள்ளுங்கள். கையுறையும் என்95 முகக்கவசமும் உங்கள் தேவைக்கு முழுசாக நீங்களே எடுத்துப் போங்கள்.

பாலக்காடு சிஸ்டர் – ஜனவரி 11

இதைப் பொதுவுல எழுத மனசு வேணும், கண்ணு. அந்த மிட்வைஃபையும் சிஸ்டரையும் கையெடுத்துக் கும்பிடணும்.

வேலந்தாவளத்து விவசாயி – ஜனவரி 12

நானும் ஒண்ணு சொல்றனுங்க. நான் டாக்டருமில்ல, நர்ஸுமில்ல. ஆனா சேவைக்கு வந்தவங்க நடுவுல உக்காந்திருந்தவன்.

எங்கூருக்கு சில வருசம் முன்ன வெளியூர்லருந்து ஒரு முகாம் வந்தாங்க. ரெண்டு பஸ்ஸு நிறையப் பிள்ளைங்க, வெள்ளைக் கோட்டு. கோயில் மண்டபத்துல பந்தல் போட்டோம், நாங்களே சோறு ஆக்கிப் போட்டோம். எங்கப்பாவுக்கு பிரஷர் பார்த்துட்டு, ஜாஸ்தியா இருக்குன்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க. ஏற்கனவே என்ன சாப்பிடறீங்கன்னு ஒருத்தரும் கேக்கலீங்க. ஒரு தம்பி என்னமோ கேட்டாப்ல, அவரு மலையாளத்துல கேட்டது எங்கப்பாவுக்குப் பாதி புரியல, ஆமாம்னுட்டாரு. எங்கப்பா ரெண்டையும் சாப்பிட்டாரு, பிஎச்சில (ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல) குடுத்த மாத்திரையையும் இதையும். கால் வீங்குச்சு. பத்தாம் நாள் தோப்புல தலை சுத்தி விழுந்து, இடுப்பு எலும்புல விரிசல். பிஎச்சி டாக்டரம்மா ரெண்டு அட்டையையும் வாங்கிப் பார்த்துட்டு, "ரெண்டும் ஒரே மருந்துங்க, அம்லோடிபின், கம்பெனி பேருதான் வேற"ன்னாங்க.

வந்தவங்க கெட்டவங்க இல்லீங்க. நல்ல மனசோடதான் வந்தாங்க. சாயங்காலம் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க, அப்புறம் ஒருத்தரும் வரல. அம்மிணி, அந்த நாட்டுல எங்கப்பா மாதிரி ஒருத்தரு உங்க முன்னால உக்காந்தாருன்னா, முன்னமே என்ன சாப்பிடறாருன்னு அவரு பாஷை தெரிஞ்சவங்களை வச்சுக் கேளுங்க. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.

கொழிஞ்சாம்பாறை மாணவி – ஜனவரி 12

அண்ணா, அப்பா இப்ப எப்படி இருக்காங்க?

வேலந்தாவளத்து விவசாயி – ஜனவரி 12

கோல் ஊனி நடக்கறாருங்க. பழைய மாதிரி தோப்புக்குப் போறதில்ல.

வண்ணாமடை மெடிக்கல்ஸ் – ஜனவரி 13

சாம்பிள் பெட்டி விஷயத்துக்கு வரேன், அதுதான் என் தொழில். வேண்டாம்மா, கொண்டு போகாதீங்க. விவசாயி அண்ணன் சொன்னதுதான் பெட்டியளவுல நடக்கும். நம்ம கம்பெனி பேரு அங்க யாருக்கும் தெரியாது. ஒவ்வொண்ணுலயும் நாலு நாலு மாத்திரை இருக்கும், ஒரு ஆளுக்கே முழு கோர்ஸ் வராது. ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில நிறுத்தினா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனமே விதி எழுதி வச்சிருக்கு, 1996லேயே. வாங்கறவங்க கேட்ட மருந்தா இருக்கணும், அந்த நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கணும், போய்ச் சேரும்போது காலாவதிக்கு குறைஞ்சது ஒரு வருஷம் மிச்சம் இருக்கணும், சாம்பிளா வாங்கினது, திருப்பிக் குடுத்தது எதுவும் கூடாது. 2004 சுனாமி சமயத்துல இந்தோனேசியாவுல ஆச்சே பக்கம் கேக்காத மருந்து மலை மாதிரி வந்து இறங்கி, கடைசியில அதை அழிக்கறதே அவங்களுக்குப் பெரும்பாடாச்சு. கஸ்டம்ஸ்ல டாக்டர் சீட்டு இல்லாம ரெண்டு பெட்டி மாத்திரையோட நின்னா அது வேற சிக்கல். உங்க சொந்த மருந்தை அட்டையோட, சீட்டோட, கைப்பையில வையுங்க. ஓஆர்எஸ், பாராசிட்டமால், கொசு விரட்டும் களிம்பு போதும். மிச்சக் காசு இருந்தா அந்த ஆஸ்பத்திரிகிட்ட கேட்டு, அவங்க ஊர்லயே வாங்கிக் குடுங்க.

சமூக மருத்துவம் – ஜனவரி 13

நான் எழுத நினைத்ததில் பாதியைப் போய் வந்தவள் எழுதிவிட்டார், என்னால் அவ்வளவு வலுவாக எழுதியிருக்க முடியாது. மாணவிக்கு ஒரே ஒரு அளவுகோல் சொல்கிறேன். இங்கே எந்த வேலையைப் பேராசிரியர் பக்கத்தில் நில்லாமல் செய்ய உங்களை விடமாட்டார்களோ, அதை அங்கேயும் செய்யாதீர்கள். அங்கே யாரும் இல்லை, அவசரம் என்று சொல்வார்கள். உங்கள் கைக்கு அந்த வேலை தெரியாதபோது அவசரம் உங்களைத் தேர்ந்தவராக்காது. நீங்கள் கூட இருக்கலாம், விளக்கைப் பிடிக்கலாம், ஓடிப்போய் ஆளைக் கூப்பிடலாம். பயந்துபோயிருக்கும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ளலாம். ராத்திரி டூட்டியில் அது சின்ன உதவி இல்லை.

உடனே செய்ய வேண்டியது: அமைப்பை நடுவில் வைக்காமல் ஆஸ்பத்திரிக்கே எழுதுங்கள். நாங்கள் வருவது தெரியுமா, யார் எங்களுக்கு மேற்பார்வை, உங்கள் நாட்டு மருத்துவக் கவுன்சிலிடம் மாணவர்களுக்கு என்ன அனுமதி வாங்க வேண்டும், எங்களால் உங்களுக்கு என்ன செலவு, அதை எப்படி ஈடு செய்வது. பதில் வராவிட்டால் போகாதீர்கள். முன்பணம் போனாலும் சரி.

எபோலா பற்றி யாரும் சொல்லவில்லை. உகாண்டாவில் 2022 செப்டம்பரிலும் 2025 ஜனவரியிலும் சூடான் வகை எபோலா வந்து, இரண்டு தடவையும் அடக்கினார்கள். அடக்குவதில் அவர்களுக்கு நம்மைவிட அனுபவம் அதிகம். புறப்படும் வாரம் நிலைமையைப் பாருங்கள். இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

பாலக்காடு சிஸ்டர் – ஜனவரி 13

2018ல நிபா வந்தப்ப பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில நோயாளியைப் பார்த்த நர்ஸ் லினி இறந்ததை நாம மறக்க முடியாது. என்ன நோய்னே தெரியாத நேரத்துல பக்கத்துல நின்னவ அவ. வார்டுல சிஸ்டர்மார் போடற பாதுகாப்பு உடையைப் பாத்து, அதே மாதிரி போடத் தெரிஞ்சா உள்ள போ, இல்லாட்டி வெளிய நில்லு. வெளிய நிக்கறது அவமானம் இல்ல.

அம்மாகிட்ட சொல்லு: அங்க நோயைவிட ரோடுதான் எனக்குப் பயம். "போடா போடா"ங்கற பேர்ல பைக் டாக்ஸி இருக்கு, ஒரே பைக்ல மூணு பேர் ஏத்துவாங்க. ஹெல்மெட் இல்லாம ஏறாதே, ராத்திரியில ஏறவே ஏறாதே. மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்கும்போது, வேற ஊருக்கு எடுத்துட்டுப் போற செலவும் அதுல உண்டான்னு பாரு.

போய் வந்தவள் – ஜனவரி 14

ஏரியைப் பார்த்ததும் இறங்கத் தோன்றும், நாமெல்லாம் மூலத்தறை அணைத் தண்ணியில் வளர்ந்தவர்கள். விக்டோரியா ஏரியில் காலை வைக்காதே. நத்தையிலிருந்து வெளிவரும் புழு தோல் வழியாகவே உள்ளே போகும், சிஸ்டோசோமியாசிஸ் என்ற நோய் வரும்.

குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வை. கம்பாலா ஏறத்தாழ 1200 மீட்டர் உயரம், நம் பாலக்காட்டுக் கணவாய் வெயிலை நினைத்துத் துணி எடுக்காதே. கொடியில் காயப்போட்ட துணியை, உள்ளாடை உட்பட, இஸ்திரி போட்டு உடுத்து. ஈரத்துணியில் முட்டையிடும் ஒரு ஈ உண்டு, அதன் புழு தோலுக்குள் போய்க் கட்டியாகும்.

மொழியைப் பற்றி மலையோர அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அந்தப் பக்கம் லுகாண்டா பேசினால், நாலு வார்த்தையாவது படித்துக்கொண்டு போ. "ஒலி ஒட்யா", எப்படி இருக்கீங்க. "வெபாலே", நன்றி. பெண்களை "ன்யாபோ", ஆண்களை "செபோ" என்று சேர்த்துக் கூப்பிட வேண்டும், நாம் அம்மா, ஐயா சேர்ப்பது போல. நலம் விசாரிக்காமல் நேரே விஷயத்துக்கு வந்தால் மரியாதைக் குறைவு. உன்னை "முயிண்டி" என்பார்கள், இந்தியர் என்று பொருள். 1972இல் இடி அமீன் 90 நாளில் ஆசியர்களை வெளியேற்றிய கதை அங்கே வயசானவர்களுக்கு நினைவிருக்கிறது. இந்தியர் என்றால் கடை முதலாளி என்ற எண்ணமும் சிலருக்கு உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போ.

நோயாளிகளைப் போட்டோ எடுக்காதே. அவர்கள் சரி என்றாலும்.

கொழிஞ்சாம்பாறை மாணவி – பிப்ரவரி 16

தாமதத்துக்கு மன்னிக்கணும். நடந்ததைச் சொல்றேன்.

ஆஸ்பத்திரிக்கே எழுதினேன். 9 நாள் கழிச்சு மேட்ரன் பதில் எழுதினாங்க. ஏதோ மாணவர்கள் வருவாங்கன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியும். எத்தனை பேர், எப்பன்னு தெரியாது. தையல், பிரசவம்னு அவங்க யாருக்கும் வாக்குக் குடுக்கல. மூணாம் வருஷ மாணவங்க பாக்கலாம், நோயாளிகிட்ட மேற்பார்வையில பேசலாம், அவ்வளவுதான்னு தெளிவா எழுதியிருந்தாங்க. 6 பேருக்கு இடமில்ல, 3 பேர் வரலாம், தங்கற செலவையும் கவுன்சில் அனுமதிக் கட்டணத்தையும் ஆஸ்பத்திரியிலேயே கட்டணும். மருந்து எதுவும் வேண்டாம்னும், முடிஞ்சா பிரஷர் பாக்கற கருவிக்குப் பெரியவங்க அளவு கஃப் (கையில சுத்தற பட்டை) ரெண்டு, குழந்தை அளவு ரெண்டு கொண்டு வரச் சொல்லியும் எழுதியிருந்தாங்க.

அமைப்புகிட்ட கேட்டப்ப சரியான பதில் வரல. முன்பணத்துல பாதி திரும்பக் கிடைச்சுது. அப்பாகிட்ட சொல்ல ரொம்பத் தயங்கினேன். அவர் கேட்டுட்டு, "எழுதிக் கேட்டது நல்லதாப் போச்சு"ன்னு மட்டும் சொன்னார்.

இப்ப 3 பேர் மட்டும் போறோம், நேரடியா. மத்த 3 பேர் ஜூன்ல அட்டப்பாடியில ஒரு மாசம் இருக்கலாமான்னு கல்லூரியில கேட்டிருக்காங்க. மலையோர அண்ணா, நீங்க அன்னிக்குக் கேக்கலேன்னா அவங்களுக்கு அது தோணியிருக்காது. நான் திரும்பி வந்து அங்க சேர்ந்துக்கப் பாக்கறேன்.

ஹெபடைடிஸ் பி அளவு பாத்ததுல ஒரு தோழிக்கு 10க்குக் கீழ. மறுபடி ஊசி ஆரம்பிச்சாச்சு. மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குக் கொச்சியில மார்ச் மாசம் நாள் வாங்கியிருக்கேன். சாம்பிள் பெட்டி ரெண்டையும் கல்லூரி பார்மசியில ஒப்படைச்சாச்சு.

அட்டப்பாடி மலையோரம் – பிப்ரவரி 16

வாங்க தங்கச்சி. மூணு பேரையும் முதலில் ஆஷா அக்காமாரோடு ஊர்களுக்கு நடக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு எந்த வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று தெரியும்.

போய் வந்தவள் – பிப்ரவரி 17

மேட்ரன் எழுதிய கடிதத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள். யாராவது ராத்திரி உன்னை "டாக்டர்" என்று கூப்பிட்டு ஊசியை நீட்டினால், அதைக் காட்டு.

வேலந்தாவளத்து விவசாயி – பிப்ரவரி 17

நல்ல சேதிங்க அம்மிணி. ஒரு உதவி கேக்கலாமுங்களா. நீங்க போயிட்டு வந்ததும் ஒருக்கா எங்க ஊட்டுக்கு வாங்க. எங்கப்பா கண்ணுக்கும் இப்ப ஒரு மாத்திரை, மூட்டு வலிக்கு ஒண்ணுன்னு ஒரு பை நிறைய வச்சிருக்காரு. எது எதுக்குன்னு எங்களுக்குத் தெரியறதில்ல.

கொழிஞ்சாம்பாறை மாணவி – பிப்ரவரி 17

ஜூன் வரைக்கும் எதுக்குண்ணா. இந்த ஞாயித்துக்கிழமையே வரேன், பஸ்ல 20 நிமிஷம். ஆனா நான் எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன், புதுசா எதுவும் குடுக்க மாட்டேன். பையிலிருக்கற எல்லாத்தையும் மருந்துப் பேர், அளவு, எத்தனை வேளைன்னு ஒரு தாள்ல தமிழ்லயும் மலையாளத்துலயும் எழுதித் தரேன். திங்கக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு பிஎச்சி டாக்டரம்மாகிட்ட போய் அதைக் காட்டலாம், நானும் கூட வரேன். பழைய அட்டை எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க.